மூன்று தட்டு

புரூக்ஸ் நகரத்து இறைச்சி ஆலைக்குள்
காதை அடைத்துக்கொண்டுதான் போகவேணும்.
அடைப்புக்குப் பின்னால்
எல்லா மொழியும் ஊமை.

கத்திப்பிடியால் மேசையில் தட்டுவோம்,
கைக்குக் கேட்கும்.
ஒன்று: முனை மழுங்கிவிட்டது.
இரண்டு: சுப்பவைசர் வருகிறான்.
தொடங்கியது யார் என்றால்
ரோடெல் கிளைட்டைக் காட்டுவான்.
மீன் தீர்ந்த கடலிலிருந்து
மாட்டிடம் வந்தவன் கிளைட்,
இந்த நாட்டிலேயே பிறந்தும்
'ஊருக்குப் போகவேணும்' என்பவன்.

மூன்றுக்கு அர்த்தம் இல்லை.
விரல் விறைக்கும் நேரம்
எதிரே நிற்கும் ஃபாதுமோ தட்டுவாள்.
நானும் தட்டுவேன். அவ்வளவுதான்.
இடைவேளைகூட எங்களுக்கு வேறு வேறு நேரம்.

போன ஞாயிறு கடையில்
வெங்காயக் குவியலுக்கு அந்தப் பக்கம் அவள்.
முகமூடி இல்லாத வாயை
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்,
முன்பல்லில் சின்ன இடைவெளி.
அவள் ஏதோ தொடங்கினாள்,
நானும் என் அரைகுறை ஆங்கிலத்தில்.
இருவரும் நிறுத்தினோம்.
இவ்வளவு அமைதியில்
எப்படிப் பேசுவது?

தள்ளுவண்டிக் கம்பியில் அவள் மோதிரம்
டக், டக்,
கொஞ்சம் பொறுத்து
டக்.

நான் பதிலுக்குத் தட்ட,
வழி கேட்கிறோம் என்று
பின்னால் நின்ற கிழவர் ஒதுங்கினார்.