முப்பத்தேழு டிகிரி

தார்த்து நகரில் ஆறு உறைந்த பிப்ரவரி.
என் இன்குபேட்டருக்குள் மட்டும் முப்பத்தேழு டிகிரி.
ஒருநாள் விட்டு ஒருநாள்
பழைய திரவத்தை உறிஞ்சியெடுத்து
இளஞ்சிவப்பாய்ப் புதியதை ஊட்டுகிறேன்
எழுபத்தொன்று-பி என்கிற கட்டியின் துணுக்குகளுக்கு.
ஞாயிறும் அவற்றுக்குப் பசிக்கும்.

இரண்டு மாடி கீழே
ஹெல்வே, நான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர்.
முடி தங்கத் தலையில் பனித்தொப்பி,
நகம் தங்க விரல்களில் பனியுறை.
மருந்து சொட்டி முடியும்வரை நடுங்கவேண்டும்.
சூப்பில் இரும்பு நாறுகிறது என்றாள்.
செவிலி உர்வே போய்
ஒரு மரக்கரண்டி கொண்டுவந்தாள்.
எந்த ஆய்வேட்டிலும் ஏறாது அது.

ரத்தக் குப்பிகளை வாங்கப் போனவளை
நிறுத்திக் கேட்டாள்:
"எழுபத்தொன்று-பி நான்தான்.
டாக்டர் மேசையில் தலைகீழாய்ப் படித்தேன்.
இன்னும் உயிரோடு இருக்கிறதா?"

எனக்கு அது தெரிந்திருக்கக் கூடாது.
இருக்கிறது என்றேன்.
"சாப்பிடுகிறதா?"
நன்றாக.
"குளிருமா?"
குளிராது.

தொப்பி விளிம்பில் பனிப்பொடி உதிரச் சிரித்தாள்:
"டிக்கெட் எடுக்காமல் இத்தனை நாள் என்னோடு வந்தது.
இப்போது ஹீட்டர் பக்கத்து சீட் வேறு!"

அன்று மாலை பன்னிரண்டு குழிகளில்
பன்னிரண்டு அளவாய் மருந்திட்டிருந்ததைப் பார்த்தேன்.
ஏழாவதில் விளிம்பு கலைந்திருந்தது.
எட்டாவதிலும்.
திரும்ப எண்ணினேன்.
ஒரே ஒரு தட்டு.
இதைக் கையில் வைத்துக்கொண்டு
யாரிடமும் படியிறங்கிப் போக முடியாது.

நான்காம் எண் வந்தது.
வேறு யாரோ ஓட்டினார்கள்.
ஹீட்டர் பக்கத்து சீட் காலி.
நின்றுகொண்டே போனேன்.