ஓரெழுத்து ஒருமொழி

கொரிய மொழியில் 'நெ' என்றால் ஆம்.
செக் மொழியில் 'நெ' என்றால் இல்லை.
இந்த இரண்டுக்கும் நடுவில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
ஆறு வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஒஸ்த்ராவாவுக்குத் தெற்கே,
முட்டைக்கோஸ் வயலில் எழுந்த ஆலை.
கார்க் கதவின் ஓரமாக ஓடுமே
கறுப்பு ரப்பர் விளிம்பு, அதைச் செய்கிறோம்.
நீங்கள் பார்த்திருப்பீர்கள்,
கவனித்திருக்க மாட்டீர்கள்.
இயந்திரம் உல்சானிலிருந்து
பதினொரு பெட்டிகளில் வந்தது.
பன்னிரண்டாவதில் கையேடு.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
'புரிந்தது' என்று கையெழுத்திட ஒரு கட்டம்.
புரியாததற்குக் கட்டம் இல்லை.

பக்கம் 214: சூடு நூற்று எண்பத்தாறு.
உல்சானில் அது சரிதான்.
இங்கே ஜனவரியில்
சரக்கு வாசல் திறக்கும்போதெல்லாம்
மலைக்காற்று நேராக வந்து
வெப்பமானியின் மேல் உட்காரும்.
குளிர்ந்த மானி பொய் சொல்லும்,
அடுப்பு அதை நம்பி இன்னும் எரியும்,
ரப்பருக்கு அம்மை போடும்.

இரவு ஷிஃப்ட் ட்ரஹோமிரா
பழைய பெட்டி ஒன்றைக் கிழித்து
மானிக்கும் வாசலுக்கும் நடுவே
அட்டையைச் செருகினாள். எண்ணில் மூன்றைக் குறைத்தாள்.
ஏட்டில் மட்டும் 186.
அது அங்கே முன்பே அச்சாகியிருந்தது.

கொப்புளம் நின்றது, இரவில் மட்டும்.
பகலில் செய்த ரப்பரைத்
தொட்டி தொட்டியாகக் கொட்டினார்கள்.
ஏன் என்று கேட்கக் கூட்டம் போட்டார்கள்.
கொரியர்கள் பேசவில்லை:
மூத்தவர் இன்னும் வாய் திறக்கவில்லையே.
செக்கர்கள் பேசவில்லை:
பேசினால் வேலை தலையில் விழும்.
இரண்டு மௌனத்தையும்
நான் ஒரே மாதிரி மொழிபெயர்த்தேன்.
தண்ணீர் குடித்தேன்.

பொறியாளர் நம்குங்குக்கு ஒருநாள் தூக்கம் வரவில்லை.
விடியற்காலை மூன்றரைக்கு
விடுதிச் செருப்போடு வந்து நின்றார்.
அட்டையைப் பார்த்தார்.
காபி இயந்திரத்தருகே நின்ற என்னைக் கையமர்த்திவிட்டுப்
பாடப்புத்தகச் செக்கில் தானே கேட்டார்:
"நீங்கள் எண்ணை மாற்றினீர்களா?"

"நெ," என்றாள் ட்ரஹோமிரா.
அவ்வளவு உறுதியான இல்லையை
அந்த ஆலை கேட்டதில்லை.

அவருடைய காது அந்நேரம்
உல்சானில் இருந்திருக்க வேண்டும்.
"நெ, நெ," என்று தலையாட்டினார்,
குறிப்பேட்டைத் திறந்தார்,
எவ்வளவு என்று விரல்களை விரித்துக் காட்டினார்.
தலையாட்டலைப் பார்த்து
எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தவள்
மூன்று விரல் காட்டினாள்.

நான் வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான்.
சம்பளமே அதற்குத்தான்.
காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஆறு வாரத்தில் திருத்தம் ஏழு வந்தது.
சூடு நூற்று எண்பத்து மூன்று.
புதிய உதிரிபாகம்: காற்றுத் தடுப்பு அட்டை,
அறுபதுக்குத் தொண்ணூறு, ஒன்று.
ட்ரஹோமிராவின் பெயர் எங்கும் இல்லை.
பொய் சொன்னவள் எப்படிக் கேட்பாள்?
'புரிந்தது' கட்டத்தில் கையெழுத்திட்டாள்,
கொஞ்சம் பெரிதாகவே.

கதை இங்கே முடிந்திருக்கலாம்.
ஆனால் திருத்தம் ஏழு மெக்சிகோவுக்கும் போயிற்று.
சால்தியோ நகரிலிருந்து எவெலியோ என்பவர் கேட்டார்.
ஸ்பானியத்தில் கிளம்பி, உல்சானில் உடைமாற்றி,
கொரியத்தில் என் மேசைக்கு வந்த கேள்வி:
"183-இல் ரப்பர் கையில் ஒட்டுகிறது.
அட்டை கிடைத்தது, நன்றி. எதற்கென்று சொல்லவும்."

தாளை இயந்திரத்தடிக்குக் கொண்டுபோய்ப்
படித்துச் சொன்னேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
ட்ரஹோமிரா கேட்டாள்:
"அங்கே வாசல் எந்தப் பக்கம்?"

கையேட்டில் தேடினேன்.
வாசல் என்ற சொல்லே அதில் இல்லை.

அவள் தாளைத் திருப்பினாள்.
ஒரு வாசல் வரைந்தாள். மானி. அட்டை.
காற்றுக்கு மூன்று கோணல் கோடு.
பக்கத்திலேயே இன்னொரு வாசல்,
அதன் முன்னே ஒரு கேள்விக்குறி.
மேற்பார்வையாளர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே
என் கையில் திணித்தாள்.

உல்சான் வழியாக அல்ல,
நேராக எவெலியோவுக்கே அனுப்பினேன்,
ஒரு சொல்லும் சேர்க்காமல்.