நோக்கம்

லிங்கிச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கும் பேரீச்சைக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் எங்கள் கவுண்டர்.
ரூபாய் சரிந்தது என்று
டிவி முகம் வாடிச் சொல்கிற காலைகளில்
இங்கே வரிசை நீளும்,
வெளியே காட்டிக்கொள்ளாத ஒரு சின்னச் சிரிப்போடு.

ஆதார் அட்டை, அதன் நகல்,
வாட்ஸப்பில் வந்த பத்து இலக்க எண்.
நோக்கம் என்கிற கட்டத்தில் நானே எழுதிவிடுவேன்:
குடும்பப் பராமரிப்பு.
மாமனாரின் இதயத்துக்குள் போன ஸ்டென்ட்,
எர்ணாவூரில் பாதியில் நிற்கும் மாடிப்படி,
ஏஜென்டுக்கு இன்னும் பாக்கி நாற்பதாயிரம்,
எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும்.
ஒரு பையன் பைக் வாங்கினான்.
அதுவும்.

ஜெரினா எட்டாம் தேதிக்காரி.
கொருக்குப்பேட்டையிலிருந்து வருவாள்.
தம்மாமில் ஏசி மெக்கானிக் அவள் அன்சர்.
"ஊர் முழுக்கக் குளிர வைக்கிறாரு மேடம்,
அவர் ரூம்ல ஃபேன்தான்."
நோட்டை இரண்டு தரம் எண்ணி
ஒரு நூறை மட்டும்
பர்ஸின் உள்ஜிப்பில் வைப்பாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஆகஸ்டில் வரவில்லை.
செப்டம்பரிலும்.

நேற்று வந்தாள்.
தேதி பன்னிரண்டு, வெளியே கொட்டுகிற மழை,
கையில் எண் இல்லை.
கண்ணாடிக்கு அடியில் ஒரு பால் கவரைத் தள்ளினாள்:
அடகுக் கடையின் புது நோட்டுகள்,
அவற்றோடு ரப்பர் பேண்டு போட்ட
பழைய நூறுகள்.
எத்தனை எட்டாம் தேதிகள்!

"அனுப்பணும்" என்றாள்.

கம்பெனி மூடிவிட்டதாம்.
இக்காமா முடிந்து போனதாம்.
அபராதம் கட்டினால்தான் விமானம் ஏற விடுவார்களாம்.

இது வாங்குகிற இடம் மட்டும்தாம்மா,
இங்கிருந்து அங்கே போகாது
என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பதினோரு வருஷமா வந்துச்சே,
அதே வழியில திரும்பிப் போகாதா?"

பேங்கின் பெயரை எழுதிக் கொடுத்தேன்,
எழுதாத படிவம் ஒன்றின் பின்பக்கத்தில்.
பான் கார்டு வேண்டும், மூன்று மணிக்குள் போக வேண்டும்,
ஆட்டோ பிடித்துக்கொள்.
"அங்கயும் நோக்கம் கேப்பாங்களா?"
கேட்பார்கள்.
"என்னன்னு சொல்ல?"

பின்னால் நின்றவர் செருமினார்.
அதேதான், என்றேன்.

ரூபாய் நேற்று மறுபடி சரிந்திருந்தது.
வரிசை வாசல் தாண்டிக் குடைகளோடு நின்றது.
அந்தப் பால் கவர் கடல் தாண்டும்போது
எத்தனை இளைத்திருக்கும் என்று
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்,
அவள் படியிறங்கிய பிறகு.