கூடிய

பிராம்ப்டனில் எங்கள் பெல்ட் ஓடத் தொடங்குவது
இரவு பதினொன்றுக்கு.
இடப்பக்கம் ஒடெட். வலப்பக்கம் பல்விந்தர்.
நொடிக்கு இரண்டு பொருள் கையைக் கடக்கும்.
முக்கோண அம்புக்குள் ஒன்று: எடு.
இரண்டு: எடு.
ஆறு: விடு.
அம்பு சுழல்கிறது என்பதற்காகப்
பொருளும் சுழன்றுவிடாது.
அது பிளாஸ்டிக்கின் குலப்பெயர், அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரியாத முதல் வாரம்
ஒரு காப்பிக் குவளையிடம் ஏமாந்தேன்.
பச்சை இலை, அதன் கீழே
மக்கக்கூடியது என்று.
யாருக்கும் சொல்லாமல் கோட்டுப் பையில் வைத்து
வீட்டுக்குக் கொண்டுபோய்
தக்காளிப் பாத்தியில் புதைத்தேன்.

மே. ஆகஸ்ட். பனி. பிறகும் பனி.
மூன்றாம் வசந்தத்தில்
மண்வெட்டி அதன்மேல் டக்கென்று பட்டது.
ஒரு நெளிவுகூட இல்லை.
அடிப்பாகத்தில், கடுகளவு எழுத்தில்,
அன்று நான் படிக்காத வரி:
தொழிற்சாலைச் சூட்டில் மட்டும்.

கூடிய.
என்ன வசதியான சொல்!
வரக்கூடிய விருந்தாளி,
திருப்பித் தரக்கூடிய கடன்,
மறுசுழற்சி செய்யக்கூடிய டப்பா.
எங்கே என்று சொல்லாது, எப்போது என்று சொல்லாது,
யார் செய்வார் என்று கேட்டால்
பேச்சை மாற்றும்.

ஒடெட்டிடம் சொன்னேன், சிரித்தாள்.
அவளிடம் ஒரு பை இருக்கிறதாம்,
தானே சிதைந்துவிடும் என்று எழுதியது.
ஒன்பது வருடமாக அதில்தான்
கிறிஸ்துமஸ் விளக்குகளைச் சுருட்டி வைக்கிறாள்.
காது அறவில்லை.

குவளையைக் கழுவி எடுத்தேன்.
இப்போது அதில் பேனாக்கள் நிற்கின்றன,
ஒரு கத்தரிக்கோலும்.
அந்த இலையின் பச்சை மட்டும்
கொஞ்சம் மக்கியிருக்கிறது.