கறை படித்தல்

இரவு பதினொன்றே முக்கால்.
இருபத்தெட்டுக் கால்சட்டைகள் என் முன்னால் குவிந்து கிடக்கின்றன.
காலையில் எல்லாம் வெள்ளை.

வேகம் அளக்கும் கருவியோடு
இருக்கைகளின் நடுவே ஒருவர் வந்து உட்காருவார்.
'இவன் உடம்பு இன்னும் தேறும்' என்று குறித்துக்கொள்வார்.
எனக்கு அது முன்பே தெரியும்.
பதினேழாம் எண் பையன்
ஏப்ரலில் இடுப்பு முப்பது என்று வந்தான்.
மே மாதம் அவன் பொத்தான் தெறித்து
டிரையருக்குள் விடிய விடியக் கடகடத்தது.

அயோவாவில் ஆற்றோரத்து ஊர் இது.
எங்கள் பேஸ்பால் அணிக்குக் கெளுத்தி மீன்கள் என்று பெயர்.
இங்கே எவரும் தங்குவதில்லை.
ஆடினால் மேலே,
ஆடாவிட்டால் வீட்டுக்கு.
சட்டையில் எண் மட்டும்தான். பெயர் தைப்பதில்லை.
நூல் மிச்சம்.

எலியாசர் மதேயோ,
டொமினிக்கன்காரன், பத்தொன்பது வயது,
எல்லைச் சுவரோரம் நின்று பந்து பிடிக்கிறவன்.
பாய்ந்து விழுந்ததையெல்லாம்
நெஞ்சில் பச்சையாய்க் கொண்டுவருவான்.
புல்லுக்கு வினிகர்.
செம்மண்ணுக்குப் பிரஷ், பிறகு பொறுமை.
ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்; கேள்வி கேட்கக் கூடாது.

ஒருமுறை அவன் பைக்குள் காகிதக் கூழ்.
நீல மை கரைந்தது போக
இரண்டு சொற்கள் பிழைத்திருந்தன.
காதில் விழுந்த ஆங்கிலத்தை
அவன் எழுத்தில் பிடித்து வைத்தவை:
என்னுது. உன்னுது.
உயரப் பந்து இறங்கும்போது
ஓடிவரும் இருவரில் ஒருவன் கத்த வேண்டியது.
கத்தாமல்தான் செவ்வாய்க்கிழமை
பக்கத்தில் நின்றவனின் பல் போயிற்று.
அந்தச் சட்டையையும் நான்தான் துவைத்தேன்.

ஜூன் இரண்டாம் வாரம்
மதேயோவின் நெஞ்சு வெள்ளையாகவே வந்தது.
மூன்று நாள்.
உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்;
அவன் மட்டை அப்படி, ஐந்துக்கு ஒன்று கூடப் படவில்லை.
நாலாம் நாள்
வலது முழங்காலின் உட்பக்கத்திலிருந்து
கணுக்கால் வரை ஒரு சிவப்புக் கீற்று.
ஓடுகிறவன் மண் அப்படி ஒட்டாது.
மேட்டில் நின்று
பின்காலை இழுத்தபடி எறிகிறவனின் மண் அது.
பையனைப் பிட்சர் ஆக்குகிறார்கள்!
உள்ளூர்ப் பத்திரிகைக்கு அது எட்டப் பதினோரு நாள் ஆயிற்று.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்,
இரண்டு டிரையர்களைத் தவிர.

அதே வாரம் கேட்சர் வோன்த்ராசெக்கை அனுப்பிவிட்டார்கள்.
நெப்ராஸ்காக்காரன். மூன்றாவது சீசன்.
முழங்காலில் நான் நாலு தடவை ஒட்டுப் போட்ட கால்சட்டை
கூடையில் மேலாகக் கிடந்தது,
மடித்து.
அதுவரை அவன் எதையும் மடித்ததில்லை.

ஆகஸ்டில் மதேயோ மேலே போனான்.
விடியுமுன் பஸ். சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லவும் வேண்டாம்.
இப்போது அவனை எண்களில் பார்க்கிறேன்,
துணி காயும் நேரத்தில், போன் வெளிச்சத்தில்:
ஓர் இன்னிங்ஸ். இரண்டு ஸ்ட்ரைக் அவுட். மூன்று வாக்.
எண்ணில் மண் ஒட்டுவதில்லை.
மூன்று வாக் என்றால்
களைப்பா, பயமா, மழையில் நனைந்த பந்தா?
கால் முன்போல் இழுபடுகிறதா?
அந்த ஊரில் துவைக்கிறவர் யாரோ, அவருக்குத் தெரியும்.
கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருநாள் எண்ணைக்கூடத் தேடி எடுத்தேன்.
என்னவென்று கேட்பது?

பதினேழாம் எண்ணை நேற்று
வேறொருவன் போட்டுக்கொண்டான்.
பெயர் இன்னும் தெரியாது.
இடது தொடையில் மட்டும் நீளமாய்ச் செம்மண்,
பயமில்லாமல் சறுக்குகிறான்.
இடுப்பு இருபத்தொன்பது.

பொத்தானை இரட்டை நூலில் தைத்து வைத்தேன்.