பதினோராம் கேள்வி

ஆப்பில் பதினோராம் கேள்வி:
இந்த உயிர் இங்கே இல்லாமற்போன காரணம்.
இயற்கை. மனிதர்.
ஏதேனும் ஒன்றைத் தொடவும்.
நாளுக்கு நானூற்று ஐம்பது ரூபாய் எனக்கு,
பெட்ரோல் தனி.

மாதனூர்ப் பாலத்துக்குக் கீழே,
மணல் இருந்த இடத்தில் நிற்கிறேன்.
மேலே பெங்களூர் லாரி போகும்போதெல்லாம்
தூண் ஒருமுறை இருமுகிறது.

ஆரால்.
கடைசியாகப் பார்த்தவர்: தேசிங்கு,
முன்னாள் மணல் லாரி கிளீனர்.
"மூணு வருசம் மழையே இல்லம்மா.
ஆந்திரா பக்கமும் இல்ல.
வானம்தான் கொன்னுச்சி, எழுதிக்கோ."
எழுதிக்கொண்டேன்.
பீடியைக் காலால் நசுக்கிவிட்டு அவரே சொன்னார்:
"காய்ச்சல்ல அது மணலுக்குள்ள எறங்கிடும்.
ஈரம் எங்க கீதோ அங்க போயி
மழை வர்ற வரைக்கும் படுத்துகினு இருக்கும்.
அந்த வருசம் நாங்க அதுக்கும் கீழ போயிட்டோம்."
பொக்லைன் வாளியில் ஒன்று நெளிந்ததாம்.
லோடோடு போய்விட்டது.
எந்த ஊரில் எவர் வீட்டுச் சுவரோ இப்போது.

வறட்சி வந்தது நிஜம்.
வறட்சிக்கென்று அது வைத்திருந்த அறையை
யூனிட் கணக்கில் விற்றதும் நிஜம்.

தவளை, சிறியது, முதுகில் மஞ்சள் கோடு.
சித்திரையில் ஒரே ஒரு மழை.
நம்பி முட்டையிட்டன. நாலு நாள் வெயில்.
நுரை காய்ந்து அப்பளமாயிற்று.
இதில் நம் கை இல்லை.
கொஞ்சம் நிம்மதியாகவே இயற்கையைத் தொட்டேன்.
ஆனால் வேலூர் வெயில் நேற்றுப் பிறந்ததா?
எல்லாக் காலத்திலும் ஒரு குட்டை காய்ந்தால்
இன்னொரு குட்டை இருந்தது.
அந்த இன்னொன்றில் நின்றுதான்
இப்போது வண்டிகள் சுங்கம் கட்டுகின்றன.

ஏலகிரிச் சரிவில் தீ.
மின்னலா சிகரெட்டா, பார்த்தவர் இல்லை.
உண்ணிச்செடி எரிந்தது, மறு மாசம் துளிர்த்தது.
மற்றவை துளிர்க்கவில்லை.

உளுவை.
பதிலளிப்பவர் எண் ஒன்பது:
ம. சூசைநாதன், தோல் ஷெட் டிரம் ஆபரேட்டர்.
என் அப்பா.
"வெள்ளம் வந்த ராத்திரி," என்றார்,
"ஊரே பூவும் கற்பூரமுமா கரைக்கு ஓடுச்சி.
எங்கள மட்டும் உள்ள கூப்பிட்டாங்க.
இவ்ளோ தண்ணியில யாருக்குத் தெரியும்னு
தொட்டி மதகத் தூக்கச் சொன்னாங்க.
தூக்கினோம். டபுள் சம்பளம்."
விடிந்தபோது வெள்ளை வயிறுகள்
பாலாறு நிறைய.
பேப்பரில் வெள்ளச் சேதம் என்று போட்டார்கள்.
அந்த வாரம்தான் என் விலங்கியல் முதல் செமஸ்டர் பீஸ்
கடைசித் தேதிக்குள் கட்டப்பட்டது.
"எதைத் தொடுற?" என்று கேட்டார்.
நான் போனைத் திருப்பிக்கொண்டேன்.

இயற்கையைத் தொட்டால் மனிதர் அணைகிறது.
மனிதரைத் தொட்டால் இயற்கை அணைகிறது.
இரண்டையும் சேர்த்து அழுத்தினால்
திரை உறைந்துவிடுகிறது.
நஸ்ரின் மேடத்துக்கு அடித்தேன்.
"காலியா விட்டா சேவ் ஆகாது.
எதையாவது போடு. டேட்டா இன்னிக்கே மேல போகணும்."

பொக்லைன் விட்டுப்போன குழியில்
பச்சையாகத் தண்ணீர் கிடக்கிறது.
ஆப்பிரிக்கக் கெளுத்தி பெருகியிருக்கிறதாம்;
வந்து சேர்ந்தவற்றுக்கு ஆப்பில் கேள்வியே இல்லை.
ஏதோ ஒன்று மூச்சுக்கு மேலே வந்து
வாயைத் திறந்து, போயிற்று.
கெளுத்திதான்.
ஆராலாகவும் இருக்கலாம் என்று
இருட்டும்வரை நின்றேன்.
சார்ஜ் நான்கு சதவீதம்.