கழித்தல் அறுபது

விடியலுக்கு முன் நான்கு மணி. நோல்பெர்த்தோ
கதவைக் காலால் உதைத்துத் திறந்து
தள்ளுவண்டியை உள்ளே விட்டான்.
"ஒன்றுதான் கிடைத்தது. இந்த வருஷம் இனிமேல் வராது."
கடல்நீர்த் தொட்டியில் இடுப்புயரக் கணவாய்,
நிறம் மாறி மாறி.
மோந்தேமார் பாறைகளுக்குக் கீழே
பசிபிக் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

என் வேலை சின்னது.
தோலை உரித்து, சதையை விலக்கி,
ஒரே ஒரு நரம்பிழையைக் கீறலில்லாமல் எடுக்க வேண்டும்.
சேமியாவின் தடிமன் இருக்கும்.
மிச்சத்தை நோல்பெர்த்தோ வீட்டுக்குக் கொண்டுபோவான்.

இழைக்குள் பொட்டாசியம்.
வெளியே கடல், அதாவது சோடியம்.
நடுவே ஒரு சவ்வு.
"கழித்தல் அறுபது" என்று படித்தார் ஓயர்சூன்.
இந்த நிலைக்கு ஓய்வு என்று பெயராம்.
நாணேற்றி வைத்த வில்லுக்கு
அப்படிப் பெயர் வைத்தவர் யாரோ.

தொட்டோம்.
கதவுகள் திறந்தன.
கோல் விழுந்ததும் மைதானத்துக்குள் குதிக்கும் கூட்டமாய்
சோடியம்.
கோடு செங்குத்தாக ஏறிப் பூச்சியத்தைத் தாண்டியது.

பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.
முதல் கதவு தானாகவே அடைத்துக்கொள்ளும்.
இன்னொரு கதவு, சோம்பேறி,
அப்போதுதான் கண் விழித்துத் திறக்கும்.
நுழைந்தவர்களை யாரும் விரட்டுவதில்லை.
ஏற்கெனவே உள்ளே இருந்த வேறு யாரோ
எழுந்து வெளியே போகிறார்கள்.
கணக்கு நேராகிவிடுகிறது.

சோம்பேறி மூடுவதற்கும் தாமதம்.
அதனால் கோடு அறுபதில் நிற்காமல்
அதற்கும் கீழே விழுந்து
மெல்ல ஏறி உட்காரும்.
அதற்குள் உடனே தட்டினால் பதில் இல்லை.
சற்றுப் பொறுத்து, பலமாகத் தட்டினால் உண்டு.

ஆறு ஐம்பதுக்கு நிலம் அசைந்தது.
குடுவைகள் ஒன்றோடொன்று பற்கள் கிட்டின.
ஓயர்சூன் அலமாரியைக் கட்டிப்பிடித்தார்.
நான் இழையின் மேல் கைகளைக் குவித்து
எண்ணினேன். இங்கே எல்லோரும் எண்ணுவோம்.
இருபத்திரண்டில் நின்றது.
விளக்கு மட்டும் கேட்கவில்லை.

அவர் சிரித்தார், தேவைக்கு மேல்.
பிறகு, எப்போதும் பேசுகிறவர், வாயே திறக்கவில்லை.
என் போன் அடித்தது. சிலோயேவிலிருந்து தங்கை.
எடுக்கவில்லை.
எடுக்க முடியவில்லை என்பதே சரி.
மறுபடி அடித்தது. விரல்கள் என்னுடையவை இல்லை.
மூன்றாவது முறைதான் கை நகர்ந்தது.
"எர்மெலிந்தா! எர்மெலிந்தா!"
"இருக்கிறேன். கத்தாதே. டீக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்."

ஊசி உடையவில்லை.
கணவாய் செத்து இரண்டரை மணி நேரம்.
அதன் கறி இந்நேரம் நோல்பெர்த்தோ வீட்டு வாணலியில்
வெங்காயத்தோடு.
இழையோ கழித்தல் ஐம்பத்தெட்டில் இருந்தது.
ஐம்பத்தொன்பது.
சவ்வில் எங்கோ அந்தப் பம்பு,
மூன்று வெளியே, இரண்டு உள்ளே,
ஆட்டம் முடிந்த மைதானத்தில்
வரிசை வரிசையாகக் குப்பை பொறுக்குகிறவள் மாதிரி,
நாளைக்கு ஆட்டம் உண்டா என்று கேட்காமல்.

"இன்னொரு தரம் தொடலாமா?" என்றார் ஓயர்சூன்.
அவர் குரல் திரும்பியிருந்தது, ஏறக்குறைய.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.
விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.